வேலி தாண்டிய சிவப்புக் கொடி

"செவப்பா, வெள்ளையா? உனக்கு எது வேணும் சரளா?"

எங்கள் தெருவில் குடியிருந்த பவுலின் அக்கா இப்படிக் கேட்டபோது, கேள்வி எனக்குத்தான் என்று முதலில் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதுகூட யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி பிறந்தான், அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை, நான் வீட்டில் நின்றுகொண்டேன்.

அக்கா கன்டோன்மென்டில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். அங்கே தோட்டத்தில் வெட்டிய சர்க்கரைவள்ளிக் கொடிகளை இரண்டு கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி, ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கொல்லையில் எங்களுக்கு ஒரே பாத்தி. இரண்டு வகையும் வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கெட்டுப்போகும் என்றார்.

"வெள்ளையே வை. அதுதான் கனமா எறங்கும்" என்று உள்ளிருந்து அம்மா சொன்னாள்.

"உங்களை யாரு கேட்டா? நான் சரளாவைக் கேட்டேன்."

நான் சிவப்பைத் தொட்டுக் காட்டினேன்.

அப்பா ரயில்வே லோகோ ஷெட்டிலிருந்து கொண்டுவந்த சாம்பலை மண்ணில் கலந்து நட்டேன். ஓடுகிற கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டால் கிழங்கு சிறுத்துவிடும் என்று அவ்வப்போது தூக்கித் திருப்பிப் போட்டேன். மூங்கில் தட்டி வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் போனவற்றை மட்டும் எட்ட முடியவில்லை. அந்த வீட்டு லட்சுமம்மா தன் பக்கம் விளைந்த கிழங்குகளைத் தோண்டி அவித்தார். வாசனை இங்கே வந்தது. அம்மா வேலியோரம் நின்று, ஊரான் கிழங்கு ருசியாகத்தான் இருக்கும் என்றாள். என் மண்ணில் இறங்கியது என் கிழங்கு என்றார் அவர். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

எங்கள் கிழங்கு ஒல்லிதான். ஆனால் வெந்ததும் மாவு மாவாக உதிரும். தம்பி கேட்டுக் கேட்டுத் தின்றான். "சரளா கிழங்கு" என்று அப்பா பெயரே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் என் பெயரில் வேறு எதுவும் இல்லை.

பொங்கலுக்குக் கடைசிக் கிழங்கையும் எடுத்தேன். மறு நடவுக்காக நுனிக்கொடிகளை நறுக்கி, துவைகல் ஓரம் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். காலையில் பால்காரர் முனிராஜ் வாசலில் எருமையைக் கட்டிப் பால் கறக்க உட்கார்ந்தார். அது நிற்காமல் காலை உதைத்தது. அம்மா கைக்கு அகப்பட்ட கொடியை அள்ளி அதன் முன்னால் போட்டாள். நான் வந்து பார்த்தபோது ஒரு நுனி மட்டும் அதன் வாயோரம் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. "வெள்ளைக் கொடி வாங்கி வெச்சுக்கலாம்" என்றாள் மெல்ல. பவுலின் அக்காவோ அதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆனேக்கல் பக்கம் போய்விட்டார். சிவப்பு இனி இருப்பது வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும்தான்.

அன்று முழுக்க வேலியோரம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். சாயங்காலம் லட்சுமம்மா துணி எடுக்க வந்தார். "கொடி" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"ஏனம்மா, திருட்டுக் கெணசு கொடியா வேணும் உனக்கு?" என்றார். சர்க்கரைவள்ளியைக் கன்னடத்தில் கெணசு என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேறு குரலில் கேட்டார்: "கெம்பா, பிளியா?"

பிளி என்றால் வெள்ளை. அவரிடம் அதுவும் இருந்திருக்கிறது.

"கெம்பு" என்றேன். சிவப்பு. இந்த முறை வாயைத் திறந்து சொன்னேன்.

மறுநாள் காலையில் எங்கள் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. லட்சுமம்மா முறம் நிறையக் கொடியோடு நின்றார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு, இலை கிள்ளியது, வெட்டுவாயில் ஈரம் காயாதது. கதவைத் திறந்த அம்மா முறத்தை வாங்கி என்னிடம் கொடுத்தாள். நான் கொடியைப் பாத்தி ஓரம் இறக்கிவைத்தேன்.

வந்த முறத்தை வெறுமையாகத் திருப்பித் தர எங்கள் வீட்டில் பழக்கமில்லை. அம்மா உள்ளே போனாள். தம்பிக்கென்று எடுத்து வைத்திருந்த சிவப்புக் கிழங்குகளில் பெரியவற்றைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, முறத்தில் அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினாள்.

லட்சுமம்மா கிழங்கைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். முந்தானையால் முறத்தை மூடிக்கொண்டு போனார்.