பாரத்துக்கு ஓர் ஆள்

எங்கள் பர்ரெயால் ஊரில் மத்தியானக் காற்றுக்குக் 'கூலியாள்' என்று பெயர். சாப்பாட்டு வேளை முடிந்ததும் மலையிறங்கி வேலைக்கு வருவான், இருட்டும் முன் போய்விடுவான். மட்டம் போடுவது அபூர்வம். அவனை நம்பித்தான் நிக்கானோர் அந்தப் பாய்மர வண்டியைக் கட்டினார்.

நிக்கானோர் பூண்டு ஏற்றும் லாரிகளுக்கு மெக்கானிக். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தினமும் காலையில் என் கடைக்கு வந்து, கொழுப்பு வறுவல் போட்ட செமீத்தா ரொட்டி வாங்கிப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், வாயில் கொழுக்கட்டை. ஆனால் வண்டி வளர்வதை ஊரே பார்த்தது. முன்சக்கரம் ஒரு ஸ்கூட்டருடையது, பின்சக்கரங்கள் நொறுங்கிய காருடையவை. பாய்மரம் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், பாய் லாரித் தார்ப்பாய். இருக்கை, பழைய பஸ்ஸில் கழற்றிய இரட்டை சீட்டு. கிடைத்ததைப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு காலையில் ரொட்டியை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"ஒதிலியா, காத்து பலமா அடிச்சா ஒரு பக்கச் சக்கரம் தூக்கிரும். பாரத்துக்கு ஒரு ஆள் உக்காந்தா நல்லாருக்கும்."

என் தங்கை பிளாசிதா சிரித்தேவிட்டாள். "ஊரெல்லாம் தேடி சரியான ஆளத்தான் புடிச்சிருக்கீங்க!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்தே இந்த உடம்பை வைத்து ஊர் பண்ணாத கேலி இல்லை. இவருமா? இவர் வரும் நேரம் பார்த்துத் தலைவாரி நிற்கிறேனே, என்னைச் சொல்லவேண்டும்.

"மாவு மூட்டைய ஏத்திக்கிட்டுப் போங்க."

"மாவு மூட்டை வேணாம்," என்று முனகிவிட்டுப் போனார்.

ஆனாலும் சனிக்கிழமை, அவர் வண்டி ஓட்டும் ஏரிக்குப் போனேன். அவருக்கு நான் வெறும் பாரம்தானா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.

வறண்ட ஏரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கூலியாள் வந்தான். பாய் விம்மியது, வண்டி பறந்தது. முதலில் அலறினேன், பிறகு என்னையறியாமல் சிரித்தேன்.

"பயமா?"

"என்னைப் பாக்காம முன்னாடி பாத்து ஓட்டுங்க!"

என் தலைத்துணி காற்றோடு போயிற்று. வண்டியைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தினார். நான் இறங்கித் துணியின் பின்னால் ஓடினேன். அதற்குள் வண்டியின் மூக்கு ஒரு பக்கம் விலகி, பாயில் காற்று புகுந்து, வண்டி அவரை மட்டும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. பாரம் இல்லை, கவிழ்ந்துவிடும் என்று எனக்கு உயிரே இல்லை. வண்டியோ அம்பாகப் போய், வளைந்து திரும்பி வந்தது. சக்கரம் ஒரு விரற்கடைகூடத் தூக்கவில்லை.

வந்து நின்றதும் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டு பக்கமும் மூட்டைகள், கம்பி போட்டு இறுக்கியவை.

"என்ன இது?"

"மணலு."

"பாரத்துக்கு ஆள் வேணும்னீங்க?"

தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"பாரத்துக்கு மணல் இருக்கு. கூட வர ஆள் இல்ல. அத எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

அந்த மனுஷனைத் திட்டலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. கம்பியை அவிழ்த்தேன். மூட்டைகளை வெளியே இழுத்து, வாயைப் பிரித்து, மணல் அத்தனையையும் தரையில் கொட்டினேன்.

"ஐயோ, வண்டி கவுந்துருமே!"

"நான் இல்லாமப் போனா கவுந்துரும்," என்று ஏறி உட்கார்ந்தேன். "ஞாபகம் வச்சுக்கங்க."