கிழக்கே நகரும் வீடு

பட்டாபிராமில் கிருபாகரன் கட்டிய வீடு வருஷத்துக்கு ஒரு சாண் கிழக்கே நகர்ந்தது. ஆவடி தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களை அளந்தே ஓய்வு பெற்றவர் என்பதால் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு ஆடியிலும் கழிவுநீர்க் குழாய் விட்டுப்போகும். அவரே ஒரு துண்டு சேர்த்து ஒட்டுவார். பன்னிரண்டு வருஷத்தில் மேற்குச் சந்து கீரை போடுமளவுக்கு அகன்றது. கிழக்கே, பக்கத்து வீட்டு ஜமீலாவின் சுவருக்கு மூன்று சாண்தான் மிச்சம். மனைவி பத்மா இறந்தபின் மகள் ஓசூருக்குக் கூப்பிட, வீட்டை விற்க முடிவு செய்தார்.

“ஊடு நடக்குதுன்னு எவன்கிட்டயும் சொல்லாத சார். கம்முனு கையெழுத்துப் போட்டுட்டு கெளம்பிகினே இரு” என்றார் தரகர் வேம்புலி.

வாங்க வந்தவர்கள் அருளும் நிவேதிதாவும், காரைக்குடிப் பக்கத்தவர்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான நிவேதிதா அறை அறையாக நடந்து, தொட்டில் எங்கே கட்டலாம் என்று பார்த்தாள். அன்றிலிருந்து கிருபாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. பத்திரம் எழுதும் நாளில் பேனாவை மூடி வைத்தார்.

“வீடு நகருதும்மா. மூணு வருஷத்துல பக்கத்துச் சுவர்ல முட்டும். முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்.”

“இத்தனை நாள் மறைச்சிருக்கீங்களே சார்!” என்று அருள் கோபமாக எழுந்தான். நிவேதிதா எழவில்லை.

“எந்தப் பக்கம் போகுது?”

“கிழக்கே. ஸ்டேஷன் பக்கம்.”

தினமும் சென்ட்ரலுக்கு ரயிலேறும் நிவேதிதா கொஞ்சம் யோசித்தாள். “எனக்குச் சரிதான். ஆனா பக்கத்து வீட்டம்மா சம்மதிக்கணும்.”

அன்று மாலை எல்லோரும் போய்ச் சொன்னபோது, தனியாக இருந்த ஜமீலா தையல் மெஷினை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியாதா இன்னா? பன்னண்டு வருசமா கிட்ட வந்துகினே கீது. வரட்டும் சார். சொவரு என்னுது, நானே இடிச்சுக்கிறேன்.” கிருபாகரன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பத்திரத்தில் ‘வீடு நகரும், வாங்குபவர் அறிவார்’ என்று ஒரு வரி சேர்ந்தது. சார்பதிவாளர் படித்தார், எவ்வளவு என்று கேட்டார், ஒரு சாண் என்றதும் முத்திரை குத்தினார்.

மூன்றாம் ஆடியில் வீடுகள் தொட்டுக்கொண்டன. ஜமீலா சொன்னபடி சுவரை இடித்து வாசல் வைத்தாள். நிவேதிதாவின் குழந்தை கவிப்பிரியா அதன் வழியே போய் அவள் மடியில் இட்லி தின்றுவிட்டு வருகிறாள். அதிலிருந்து இரண்டு வீடுகளும் சேர்ந்தே நகர்கின்றன. ஆடி பிறந்தால் தெருக்காரர்கள் வண்டிகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறார்கள்.