பதினோரு நாள் கைதி

டான்யூப் ஆற்றின் குரோஷியக் கரையில் ஸ்டிபான் என்று சொன்னால் போதும், மீதிக் கதையைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். போரில் பிடிபட்டு, அக்கரை முகாமில் பதினோரு நாள் இருந்து, பன்னிரண்டாம் நாள் காவலரை ஏமாற்றிவிட்டு நவம்பர் குளிரில் ஆற்றை நீந்திக் கடந்தவன். வருடா வருடம் தீயணைப்புப் படைக் கூடத்து விருந்தில் மீன் குழம்பு கொதிக்கும்போது அவனே இதைச் சொல்வான். பிளம் சாராயம் இரண்டு கோப்பை உள்ளே போனால் ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாகும். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி ரூஷா பாத்திரம் கழுவப் போய்விடுவாள். புருஷனுக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

சண்டையில் ஊரே சிதறி, ஏழு வருடம் கழித்துத்தான் வீடு திரும்பியிருந்தது. நடுவில் யார் எங்கே கிடந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் குடையவும் இல்லை. குடைந்தது வரி அலுவலகம்தான்.

போர்க்கைதிகளாக இருந்தவர்களுக்கு வருமான வரியில் பாதி தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. சர்க்கரை ஆலையில் எடை போடும் ஸ்டிபானுக்கு அது பெரிய விஷயம். ஒழுகும் கூரையை மாற்றிவிடலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று ரூஷாவையும் கூட்டிக்கொண்டு வரி அலுவலகம் போனான். வரிசை வாசல்வரை நின்றது. பாதிப் பேர் அவன் கதைக்குக் கைதட்டியவர்கள். மீதிப் பேர் தங்கள் கதைக்கு அவனைக் கைதட்ட வைத்தவர்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் அடுத்த தெரு மிர்னா உட்கார்ந்திருந்தாள். படிவத்தில் சிறையிருந்த நாட்கள் என்ற கட்டத்தில் ஸ்டிபான் பதினொன்று என்று முத்து முத்தாக எழுதியிருந்தான்.

“மாமா, முப்பது நாளாவது உள்ள இருந்திருக்கணும். பதினோரு நாளுக்குச் சலுகை கிடையாது.”

ஸ்டிபான் எகிறினான். தப்பித்து வந்த வீரனுக்கு வரி, படுத்துக் கிடந்தவனுக்குத் தள்ளுபடி, இது எந்த ஊர் நியாயம் என்று வரிசையைப் பார்த்துக் கேட்டான். வரிசையும் தலையாட்டியது. மிர்னா பொறுமையாக ஒரு பழைய பட்டியலை எடுத்தாள். போரில் இரு தரப்பும் கைதிகளைப் பரிமாறிக்கொண்டபோது தயாரித்தது. அவன் பெயருக்கு எதிரே இருநூற்று எழுபது நாள் என்று இருந்தது. கட்டத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். யார் எத்தனை நாள் இருந்தார், எப்படி வெளியே வந்தார் என்ற விவரத்தோடு பதினைந்து நாள் ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், அவ்வளவுதான் என்றாள்.

பலகை இருப்பது அவன் கதை சொல்லும் அதே தீயணைப்புக் கூடத்துச் சுவரில். ஸ்டிபான் பட்டியலைத் தள்ளிவிட்டான். அது அதே பெயருள்ள வேறு எவனோ என்று சாதித்தான். பிறந்த தேதியும் அதேதானா என்று அவள் கேட்டதற்கு, இருக்கும், உலகம் பெரியது என்றான்.

மிர்னா பேனாவைக் கீழே வைத்தாள். “சரி மாமா. பன்னெண்டாம் நாள் தப்பிச்சு வந்தீங்க. அப்புறம் எட்டரை மாசம் எங்க இருந்தீங்க? எந்தப் படைப் பட்டியல்லயும் உங்க பேர் இல்லையே. நாளைக்கு ராணுவத்துலேர்ந்து கேப்பாங்க.”

வரிசை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. நீந்தி வந்த வீரன் ஒரே நொடியில் ஓடி ஒளிந்தவனாகிவிட்டான். ஸ்டிபான் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒன்பது மாதம் ஒரு கொட்டகைத் தரையில் அடிவாங்கிக் கிடந்ததை அவன் தன்னிடமேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவ்வளவு வெட்கம்.

ரூஷா அவனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“உள்ளதான் இருந்தாரு, ஒம்பது மாசமும். கைதிகள விட்ட அன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்க முடியல, நான்தான் தூக்கி எறக்குனேன். நாப்பத்தஞ்சு கிலோகூட இல்ல. அப்படி உசுரோட வந்து சேந்த மனுஷன், யாரோ நீந்தி வந்த கதைய வருஷா வருஷம் சொல்றாரு. நான் தூக்குன அந்த மனுஷனப் பத்தி மட்டும் இவரு ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

ஸ்டிபான் குனிந்து பதினொன்றை அடித்தான். மேலே இருநூற்று எழுபது என்று எழுதினான். கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ரூஷாவின் பக்கத்தில் போய் நின்றான்.

அடுத்தவர் வரலாம் என்றாள் மிர்னா. அடுத்தவர் வரவில்லை. தன் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அவர், எழுதாத படிவம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அவருக்குப் பின்னாலிருந்த மூன்று பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கையை நீட்டினார்கள்.