முன்பாதி மட்டும் பதமான தோல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நிபுணர் தன் வீட்டிலேயே பதனிட்ட ஆட்டுத் தோல் கொடியிலிருந்து இறங்கி, கொல்லையைக் கடந்து, சமையலறைக்குள் போய் அவர் மனைவியின் காலடியில் உட்கார்ந்தது. தலையும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. முன்னங்கால்கள் துணி மாதிரி மடங்கிச் சத்தமில்லாமல் நடந்தன. பின்னங்கால்கள் பலகை மாதிரி விறைத்து டக் டக்கென்று தரையில் இடித்தன. தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த மனுஷன் கைபட்ட எதுதான் உருப்படியாக நடந்திருக்கிறது?

நிபுணர் என்பது தெரு வைத்த பெயர், மரியாதைக்காக வைத்ததல்ல. மாடிப்படியைப் பாதி உயரம் வரை கட்டினார். கேட்டில் ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்தார். பேச்சை மட்டும் ஒருநாளும் பாதியில் விட்டதில்லை. தையல்காரியான அவர் மனைவி, பாதிப் படி ஏறி அங்கிருந்து ஏணி வைத்து மொட்டைமாடிக்குப் போய்த் துணி உலர்த்தியே தன் இளமையைக் கழித்தாள். இறைச்சிக் கடையிலிருந்து அவர் ஒரு பச்சைத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அன்று, அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இது ஒண்ணையாவது முழுசா முடிங்க. முடிக்கலன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

"தோலைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார் அவர்.

உப்புத் தடவினார். சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு முடியைக் கழித்தார். ஒட்டியிருந்த சதையை வழித்துவிட்டு, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஊறுவது தோலின் வேலை என்பதால் அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இவர் வாசலில் நின்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கே லேசாக நம்பிக்கை வந்துவிட்டது, பாவம்.

கடைசி வேலைதான் வேலை. ஈரத் தோலில் எண்ணெய் தடவி, நட்டுவைத்த கட்டையின் மழுங்கிய முனையில் போட்டு, காயக் காய இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கை நின்றால் இழுக்காமல் விட்ட பாகம் விறைத்துப்போகும். முன்பாதியை நன்றாகவே இழுத்தார். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்து, "என்ன சார், தோல் வேலையெல்லாம் பண்றீங்களாமே?" என்று கேட்டுத் தொலைத்தார். போச்சு. இந்த வேலையில் கையை நிறுத்தவே கூடாது என்பதை நிபுணர் அவருக்குச் சாயங்காலம் வரை விளக்கினார்.

மறுநாள்தான் தோல் நடந்தது. மனைவிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அருவருப்பு வந்தது. பெட்டியைக் கட்டினாள்.

"பின்னாடி கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதானே? நடக்குதுல்ல! எவன் பதனிட்ட தோல் நடந்திருக்கு, சொல்லு பார்ப்போம்!" என்றார் அவர். என்ன ஜென்மமோ!

அவள் பெட்டியோடு பஸ் ஏறினாள். தோலும் பின்னாலேயே ஏறியது. கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்பாதிக்கு டிக்கெட்டும் பின்பாதிக்கு லக்கேஜும் போட்டார்.

அண்ணன் வீட்டுக் கொல்லையில் அவள் விறைத்த பாதியை நனைத்து, எண்ணெய் தடவி, ஒரு கட்டையில் போட்டு இழுத்தாள். அண்ணி ஊர்க்கதை கேட்டாள், இவளும் சொன்னாள். கை மட்டும் நிற்கவில்லை. காய்ந்ததும் தோல் நாலு காலிலும் சத்தமில்லாமல் நடந்தது.

அடுத்த மாதம் நிபுணர் அவளைக் கூட்டிவரக் கிளம்பினார். பாதி வழியில் ஒரு டீக்கடையில் இறங்கி, கோபித்துக்கொண்டு போன மனைவியைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று அங்கிருந்தவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். வருஷங்கள் ஓடிவிட்டன. டீக்கடை ஓட்டலாகிவிட்டது. அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"பாதி தூரம் வந்துட்டாராம்மா," என்று அண்ணன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவரு அவ்வளவுதாண்ணா வருவாரு," என்று சொல்லிவிட்டு அவள் தையல் மிஷினை மிதித்தாள். வெளியே தூறல் போட்டது. தோல் வந்து கதவை முட்ட, அண்ணி எழுந்து போய்த் திறந்துவிட்டாள்.