பப்பாசிமேல் விழுந்த பழி

விசுவமடுவில் கிருசாந்தி கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையை இழந்தாள். அடக்கம் முடிந்த மறுநாளே மாமி நேசமலர் வீட்டு வளவில் நின்ற பப்பாசி மரத்தைத் தறித்து வீழ்த்தினாள். "வேண்டாமெண்டு சொல்லச் சொல்லப் பழத்தைத் திண்டவள்" என்று வீடு வீடாக, படலை படலையாக அவள் சொன்ன கதை, ஒழுங்கை முழுவதற்கும் தீர்ப்பாயிற்று.

பிள்ளை பிழைத்தால் குலத்தின் பெருமை. பிழைக்காவிட்டால் தாயின் குற்றம்! அவளுக்காக வாதாட ஒரு நாவும் எழவில்லை. கணவன் நிருஷன்கூடத் தலை குனிந்துகொண்டான். கிருசாந்தியே தன்னை நம்பவில்லை. அன்று தின்ற ஒரு கீற்றின் இனிப்பு அவள் நாக்கில் நெருப்பாய்க் கிடந்தது.

ஆனால் ஆஸ்பத்திரி அவளுடைய இரத்தத்தில் ஒரு கிருமியைக் கண்டிருந்தது. அதனால் சுகாதாரப் பரிசோதகர் தயாபரன் வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியில் மிஞ்சியிருந்த உணவுகளை எடுத்துச் சென்றிருந்தார். வாரங்கள் கழித்து இன்று முடிவோடு வந்தார்.

"தங்கச்சி, உங்கட இரத்தத்தில இருந்த கிருமியின்ர மரபணுவைக் கொழும்பில முழுசா வாசிச்சுப் பார்த்தவை. வயிற்றுப் பிள்ளையைக் கொல்லுற கிருமி அது. நான் கொண்டுபோன பக்கற்றில இருந்த கோழி இறைச்சியிலயும் அதே கிருமி. வவுனியாவில பிள்ளையை இழந்த இன்னொரு தாயிட்டயும் அதே. இறைச்சி வெட்டின கொம்பனி மெசினிலயும் அதேதான். பப்பாசிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

கிருசாந்தி ஓர் அடி முன்னால் வந்தாள். "அப்ப... பிள்ளையை நான் கொல்லேல்லையோ, ஐயா?"

"இல்லைத் தங்கச்சி."

நேசமலரின் முகம் வெளிறியது. சூடாக்காமலே உண்ணலாம் என்று அச்சிட்டிருந்த அந்தப் பக்கற்றைக் கிளிநொச்சியில் தேடி வாங்கியவள் அவளே. சந்திக் கடைச் சாப்பாடு தூசி, இதுதான் சுத்தம் என்று பாணுக்குள் வைத்து மருமகளுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தவளும் அவளே.

"பிள்ளை, நானெல்லோ தந்தனான்..."

கிருசாந்திக்குப் பழிதீர்க்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஆனால் ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறங்கிய பழியை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டால், இயந்திரத்தைக் கழுவ மனமில்லாத முதலாளி நிம்மதியாக உறங்குவான்!

கிருசாந்தி மாமியின் கையைப் பற்றினாள். "அன்பாத்தான் தந்தனீங்கள், மாமி. ஆனா என்னைப் பற்றிக் கதைச்ச படலையெல்லாத்துக்கும் போய் உண்மையைச் சொல்ல வேணும்."

"சொன்னா, சனம் என்னையெல்லோ திண்டுபோடும்?"

"ஓம். அதுக்குத்தான் நானும் வாறன். செருப்பைப் போடுங்கோ."

முதல் படலையில் உண்மையைக் கேட்ட அயல்வீட்டு இலட்சுமி வாயைப் பிளந்தாள். "அப்ப, குடுத்தது மாமியோ?"

"மாமி காசு குடுத்து வாங்கினவா, அக்கா. அழுக்கை வித்தது கொம்பனி" என்றாள் கிருசாந்தி.

அடுத்த படலைக்கு நேசமலர் தானே முன்னால் நடந்தாள்.