வலது கை நகங்கள்

வரிசையில் நின்ற பெண்களின் கைகளை அம்பயர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். நெட்பாலில் இது ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் பத்து விரல்களையும் நீட்டிக் காட்ட வேண்டும். நகம் சதையைத் தாண்டி எட்டிப் பார்த்தால் களத்துக்குள் விடமாட்டார்கள். பந்துக்காக எம்பும்போது பக்கத்தில் இருப்பவளின் முகத்தைக் கீறிவிடக் கூடாதல்லவா, அதற்காக. தமிழ்நிலாவின் இடது கையைப் பார்த்துத் தலையாட்டிய அம்பயர் வலது கைக்கு வந்ததும் நின்றார். மோதிர விரல் நகம் ஒரு பக்கம் ஒட்டக் குறைந்தும் மறு பக்கம் முள் போலவும் இருந்தது. "இதைச் சரி பண்ணிட்டு வாம்மா" என்றார்.

எதிரே புனே அணியின் வரிசை. அதில் நின்ற ஹம்சா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நகங்களை எட்டு வருஷமாக வெட்டிவிட்டவள் அவள்தான். தமிழ்நிலாவின் இடது கைக் கட்டைவிரல் பள்ளிக்கூட நாளில் பந்து பட்டுப் பிசகியது. மாவுக்கட்டுப் போட வேண்டியதை எண்ணெய் தடவி விட்டுவிட்டார்கள். அது கோணலாகவே கூடிப்போய், அழுத்துகிற வலு இல்லாமல் நின்றுவிட்டது. பந்து பிடிக்க அது தடையில்லை, நகவெட்டியை அமுக்கத்தான் வராது. அதனால் இடது கையைத் தானே பார்த்துக்கொள்வாள், வலது கையை ஹம்சாவின் மடியில் போட்டுவிடுவாள். "ஆடாம இருடி, பூம்பூம் மாடாட்டம்" என்று திட்டிக்கொண்டே அவள் வெட்டுவாள். வெட்டி முடித்ததும் தன் கட்டைவிரலை ஐந்து நகங்களின் மேலும் ஓட்டிப் பார்ப்பாள். எங்கும் சொரசொரப்பு இல்லையென்றால் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிடுவாள். போ, ஆடு என்று அதற்கு அர்த்தம்.

ஹம்சா மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் பழைய வீட்டுப் பெண். தமிழ்நிலா அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, குடிசைகளை எடுத்தபோது அம்மா முனியம்மாளோடு பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குப் போனவள். மாவட்டத் தேர்வில் இரண்டு பேரையும் தற்செயலாக ஒரே பக்கத்தில் நிறுத்தினார்கள். தமிழ்நிலா கோல் கீப்பர். ஹம்சா அவளுக்கு முன்னால் கோல் டிஃபென்ஸ். அதற்குப் பிறகு யாருக்கும் அவர்களைப் பிரித்து நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒரே பந்துக்கு எம்பினால் மோதிக்கொள்வார்கள், பந்தும் போய்விடும். அதற்காக அவர்களுக்குள் ஒரே ஒரு சொல் இருந்தது. பந்தைத் தொடர்ந்து சுற்றிப் பின்னால் வந்துவிட்ட ஹம்சா "விடு!" என்பாள். தமிழ்நிலா கையை இழுத்துக்கொள்வாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். பந்து ஹம்சாவின் கைக்குப் போயிருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் எல்லா இடமும் கிடையாது. நெஞ்சில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பொறுத்து எல்லை. கீப்பர் தன் பக்கத்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் வளையம் மாட்டிய கம்பத்தடியில் நிற்க வேண்டியதுதான். முனியம்மாளுக்கு மட்டும் இது பிடிபடவே இல்லை. ஆட்டத்தை போனில் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "ஏண்டி, அல்லாரும் ஓடிக்கினு கீறாளுங்க. நீ மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிறவளாட்டம் அங்கியே நிக்கிறியே. போய் ஒண்ணு போட்டுட்டு வாயேன்."

"நான் போட்டா செல்லாதும்மா."

"இன்னா ஆட்டமோ போ."

முன்பெல்லாம் அப்படி நிற்பது தமிழ்நிலாவுக்குத் தனிமையாக இருந்ததில்லை. ஹம்சாவுக்கு நடுக்களம் வரை போக அனுமதி உண்டு. அவள் அங்கே போய் நின்று, பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு கணம் திரும்பி, மூக்கைச் சுளித்துக் காட்டுவாள். கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது.

லீக் தொடங்குவதற்கு முன், அணிகளின் பட்டியல் வந்த அன்று, தமிழ்நிலா ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் சென்னை அணியில் ஹம்சாவைக் காணாமல் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தாள். புனே அணியில் இருந்தது அந்தப் பெயர். அதுவும் கோல் அட்டாக் என்று. பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தவள் இனிமேல் வளையத்தில் போடப்போகிறாள். "இன்னாடி இது?" என்று ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஆட்டங்கள் வந்தன, போயின. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஹம்சாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

சென்னை அணிப் பெண்களுக்குச் சீசனுக்காக இந்திரா நகரில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். ஒரு அறைக்கு இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஆயத். திருவல்லிக்கேணிப் பெண், பத்தொன்பது வயது, ஹம்சாவின் இடத்துக்கு வந்தவள். நல்ல பெண். ஓட்டமும் நல்ல ஓட்டம். "அக்கா டீ? அக்கா ஃபேன் கம்மி பண்ணவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தமிழ்நிலா உம், வேணாம் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். வலது கையை அவளிடம் நீட்ட மனசு வரவில்லை. நகங்களைக் கடித்தும் சுவரில் தேய்த்தும் ஒப்பேற்றினாள். களத்தில் ஆயத் "அக்கா, எனக்கு!" என்று கத்தும்போது தமிழ்நிலாவின் கைக்கு அது புரிய அரை நொடி ஆகும். ஒன்று, இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். இல்லை, இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் பந்து நடுவில் விழும். "கல்யாண வீட்டுல கடைசி லட்டு மாதிரி நீ எடு நீ எடுன்னு விட்டுட்டு நிக்கறீங்களே!" என்று பயிற்சியாளர் அமீனா மேடம் தலையில் கை வைத்துக்கொள்வார். எல்லோரும் சிரிப்பார்கள். தமிழ்நிலாவும் சிரிப்பாள்.

ஓய்வு நாள் ஒன்றில் காரணம் எதுவும் இல்லாமல் மயிலாப்பூர் போனாள். தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஹம்சாவின் அம்மா சூடாமணி மாமி அவளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி நிலா, இப்படி எளைச்சுப் போயிட்டே? ஆத்துப் பக்கமே வரதில்லையே."

"மேட்ச் இருக்குது மாமி. டைமே இல்ல."

"அவளும் அப்படித்தான் சொல்றா. அங்க பேசறதுக்கு ஒரு மனுஷா இல்லையாம். எல்லாம் ஹிந்தி, மராத்தி. ஆனா சந்தோஷமா இருக்கா, போ. குழந்தையிலேர்ந்து அவளுக்குப் பந்தை வளையத்துல போடணும்னுதானே ஆசை? இங்க கடைசி வரைக்கும் தடுக்கத்தானே வெச்சிருந்தா. உனக்குத் தெரியாததா, உன்கிட்ட சொல்லாமயா இருந்திருப்பா."

"தெரியும் மாமி" என்றாள் தமிழ்நிலா.

தெரியாது. குளத்தைச் சுற்றி நடந்தபோது ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தாள். பயிற்சி முடிந்து எல்லோரும் பை கட்டும் நேரத்தில் ஹம்சா தனியாகக் கம்பத்தடிக்குப் போய்ப் பந்து போட்டுக்கொண்டிருப்பாள். "வாடி, பசிக்குது" என்று கூப்பிட்டது யார்? இவள்தான். உடனே பந்தை வைத்துவிட்டு வந்துவிடுவாள். எத்தனையோ சாயங்காலம். ஒரு நாளாவது, போடு, நான் நிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தனக்கு இருக்கும் ஆசைதான் அவளுக்கும் என்று நினைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓடியிருக்கிறது பாருங்கள்.

இப்போது கடைசி லீக் ஆட்டம், தி. நகர் அரங்கில். சென்னையும் புனேயும். ஜெயிக்கிறவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள், தோற்றவர்களுக்கு அத்தோடு சீசன் முடிந்தது. மோதிர விரல் நகத்தைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துச் சிமெண்டுத் திண்டில் தேய்த்துக்கொண்டு தமிழ்நிலா திரும்பி வந்தாள். முனை போயிருந்தது, பிசிறு போகவில்லை. அம்பயர் அதற்கு மேல் கெடுபிடி செய்யாமல் விட்டார்.

ஹம்சா நன்றாக ஆடினாள். அதைப் பார்க்கத்தான் தமிழ்நிலாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பந்து கையில் வந்ததும் அவள் முகம் அமைதியாகிவிடும். மணிக்கட்டு மட்டும் அசையும். பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கும். இப்படி ஒரு முகம் அவளிடம் இருந்ததை இவள் பார்த்ததே இல்லை.

மூன்றாவது கால்பகுதியில் எம்பும்போது தமிழ்நிலாவின் தோள் ஹம்சாவை இடித்தது. விசில். இந்த ஆட்டத்தில் தப்பு செய்தவள் வெளியே போவதில்லை. யாரை இடித்தாளோ அவள் பக்கத்திலேயே போய்க் கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். அவள் பந்தை விடும் வரை அசையக் கூடாது, தடுக்கக் கூடாது. மற்ற நேரத்தில் பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் அந்த சீசன் முழுவதிலும் ஹம்சாவின் தோளருகே தமிழ்நிலா நின்றது அந்த மூன்று நொடிதான். வேறு சோப்பு வாசனை. காதோரம் அதே மச்சம்.

"நல்லா கீறியாடி?" என்றாள், உதடு அசையாமல்.

ஹம்சா பந்தை விரல்களில் ஒரு தடவை சுற்றிக்கொண்டாள். கண் வளையத்தை விட்டு நகரவில்லை. பந்து போயிற்று, விழுந்தது. அவள் திரும்பி ஓடிவிட்டாள்.

கடைசி நிமிஷத்தில் இரண்டு அணியும் சமம். கூட்டம் எழுந்து நின்றது. புனேக்காரிகள் பந்தைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்து, கம்பத்தடியில் நின்ற ஹரியானாக்கார ஷூட்டரின் தலைக்கு மேல் உயரமாகத் தூக்கிப் போட்டார்கள். தமிழ்நிலாவுக்கு அது தூக்கும்போதே தெரிந்துவிட்டது. எம்பினாள். பந்து அவள் விரல்களை நோக்கி நேராக வந்தது. இதைவிடச் சுலபமான பந்து அந்த சீசனில் அவளுக்கு வந்ததில்லை.

"விடு!"

கை கேட்டது. மனசு அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. பந்து தலைக்கு மேலாகப் போயிற்று. பின்னால் ஹம்சாவின் ஷூ தரையில் கீச்சிடும் சத்தம். பிறகு வலை அசையும் சத்தம். பிறகு மணி.

முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிராக வரிசை கட்டிக் கைதட்டிக்கொண்டே கடந்து போவார்கள். விரல் நுனியைத் தொட்டுவிட்டு நகர்வது. ஹம்சா வந்தாள். இவள் வலது கையைத் தொட்டவள் விடவில்லை, பிடித்துக்கொண்டாள். அவளுடைய கட்டைவிரல் தமிழ்நிலாவின் நகங்கள் மேல் ஓடிற்று. சுண்டு விரலைத் தாண்டி மோதிர விரலில் வந்து நின்றது. அந்தப் பிசிறில் நின்றது. நிமிர்ந்து பார்ப்பாள் என்று தமிழ்நிலா காத்திருந்தாள். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். வரிசை நகர்ந்துவிட்டது. கையை அவள் தட்டிவிடவில்லை.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அமீனா மேடம் அவளைச் சுவரோரம் நிறுத்தினார். கோபம் இல்லை, அவருக்குப் புரியவில்லை. "பந்து உன் கைக்குள்ள வந்துச்சு தமிழ். ஏன் இழுத்துக்கிட்ட?"

ஆயத்துக்கு அழுகையில் மூச்சு வாங்கியது. "மேடம், அந்தக்கா கத்துனாங்க மேடம். விடுன்னு. என் காதுல வுழுந்துச்சு. ஏமாத்திக் கொரல் குடுக்கறது தப்புதான மேடம்?"

மேடம் நிமிர்ந்தார். "அப்படியா? நீ கேட்டியா தமிழ்? ஆயத் தள்ளி நின்னா, அவ சொல்றது எடுபடாது. நீ கேட்டேன்னு சொல்லு, இப்பவே போய்ப் புகார் குடுக்கறேன். விட மாட்டேன். அவ அடுத்த மேட்ச் ஆட முடியாது."

நடைபாதையின் கோடியில் புனேக்காரிகளின் கூச்சல். தமிழ்நிலா அந்தப் பக்கம் பார்த்தாள். அந்த ஹரியானாக்காரிக்குத் தமிழ் தெரியாது. அந்த அணியில் ஒருத்திக்கும் தெரியாது. அங்கே ஹம்சா தமிழில் கத்தி என்ன பயன்? தெரிந்தே கத்தினாளா? இவள் கேட்பாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள் என்று தெரிந்தே? இல்லை, ஊர் பேர் தெரியாத மனுஷர்களோடு ஒரு சீசன் ஓடிய பிறகு, அவசரத்தில் நாக்கு தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டதா? எப்படிப் பார்த்தாலும் அந்தச் சொல் வேறு யாருக்கும் இல்லை.

"இல்ல மேடம்" என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. கை வழுக்கிடுச்சி."

ஆயத் வாயைத் திறந்தாள். தமிழ்நிலாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இந்திரா நகர் வீடு காலியாகிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றன. மாடியில் யாரோ பெட்டியைப் படியில் இடித்து இடித்து இறக்கினார்கள். தமிழ்நிலா கட்டிலில் உட்கார்ந்து ஜெர்சியை மடித்தாள். மோதிர விரல் நகம் அதில் மாட்டி ஒரு நூலை இழுத்தது. விடுவித்துக்கொண்டு மறுபடி மடித்தாள். மறுபடி மாட்டியது.

பக்கத்துக் கட்டிலில் பையைக் கட்டிக்கொண்டிருந்த ஆயத் இதைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு நகவெட்டியை எடுத்தாள். "குடுங்கக்கா" என்றாள். நேற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தமிழ்நிலா ஜெர்சியை ஓரமாக வைத்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

ஆயத் பயந்து பயந்து வெட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். வலிக்குதாக்கா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். ஜன்னல் வழியாகக் காலை வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. வெட்டிய நகங்கள் விரித்த செய்தித்தாளில் சின்னச் சின்னப் பிறைகளாகக் கிடந்தன. அடுத்த விரலுக்காக ஆயத் நகவெட்டியைத் திருப்பிப் பிடித்தபோது தமிழ்நிலாவின் மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

"இதுக்கா?"

"அது இருக்கட்டும்" என்று தமிழ்நிலா சுண்டு விரலை நீட்டினாள்.