கங்கையம்மாளின் இருபத்தொன்பது வியாதிகள்

பிள்ளையார்பாளையத்தில் கங்கையம்மாளைப் போல ஒரு நோயாளி கிடையாது. கடந்த ஒரு வருஷத்தில் மட்டும் தர்மாஸ்பத்திரிக்கு இருபத்தொன்பது தடவை போயிருக்கிறாள். கம்பவுண்டர் அவளைக் கண்டதுமே, "நித்தியகண்டம் பூரண ஆயுசு வந்தாச்சுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் வாங்குவார். உண்மை என்னவென்றால், அந்த இருபத்தொன்பதில் ஒன்றுகூட அவளுடைய வியாதி இல்லை.

தெருவில் எல்லாரும் தறிக்காரர்கள். தறியை விட்டு எழுந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு பகல் போய்விடும். முகூர்த்தப் புடவைக்கு முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்புவான். கங்கையம்மாள் வீட்டில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிற விதவை. அவள் எழுந்து போனால் ஏனென்று கேட்க நாதியில்லை. ஆகவே யாருக்கு இருமினாலும், யாருக்கு வயிற்றைக் கலக்கினாலும் அவள்தான் போனாள். நோயாளி நேரில் வராமல் மருந்து தரமாட்டார்கள். அதனால் எல்லார் நோவையும் தன் நோவென்று சொல்லி, தன் பேரில் வாங்கி வந்தாள். பழைய டாக்டர் தலை நிமிராமல் எழுதிக் கொடுக்கிற புண்ணியவான்.

இப்போது அவளுக்கே வந்துவிட்டது. மூன்று மாதமாகச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. கஞ்சிகூட நெஞ்சில் நின்று நின்று போகிறது. ரவிக்கை தோளில் தங்கவில்லை. மதராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைத்தால்தான் பிழைப்பாள். அதை எழுத வேண்டியவர் புதிதாக வந்த டாக்டர். அவரோ ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

சீட்டைப் புரட்டினார். "தையில இருமல். மாசியில மூட்டு வலி. ஆடியில மசக்கை வாந்தின்னு எழுதியிருக்கு. உன் புருஷன் எப்பம்மா போனாரு?"

"எட்டு வருஷம் ஆவுது சார்."

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. கங்கையம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். மசக்கை பெரியநாயகியின் மருமகளுக்கு, இருமல் எதிர்வீட்டுக் கோதண்டபாணிக்கு.

"அப்ப அவங்கள்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வா. வந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் உன் தொண்டையை நம்பறேன்" என்றார் டாக்டர்.

பெரியநாயகி கதவைப் பாதி திறந்து, "எம் மருமவ பேர அங்கெல்லாம் இழுக்காதம்மா" என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். மசக்கை ஒரு விதவையின் பேரில் ஏறியபோது மட்டும் அவளுக்கு மானம் போகவில்லை. கோதண்டபாணி ஒருவன்தான் மறுநாள் தறியை நிறுத்திவிட்டுக் கூட வந்தான். அவன் இருமலுக்காகப் பதினோரு தடவை வரிசையில் நின்றவள் அவள். வழியெல்லாம் அவன் பிள்ளைகுட்டிகளை வாழ்த்திக்கொண்டே நடந்தாள்.

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்தம்மா பேர்ல மருந்து வாங்கிக் குடிச்சது நீதானா? சர்க்கார் மருந்தைப் பொய் சொல்லி வாங்கினா என்ன ஆகும் தெரியுமா?"

கோதண்டபாணி சட்டைப் பொத்தானைத் திருகினான். அவள் பக்கம் திரும்பவேயில்லை. "எனக்கு ஒரு நோவும் இல்ல சார். இவங்க கூப்ட்டாங்க, வந்தேன்."

"மனசுலதாம்மா வியாதி. போய் நிம்மதியா இரு" என்று சொல்லி, டாக்டர் மதராஸ் கடிதத்துக்குப் பதில் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் எந்த நோவுக்கும் ஊற்றுகிற அதே சிவப்பு மிக்சரை ஊற்றிக் கொடுத்தார்.

தெருமுனைக்கு வந்ததும் கோதண்டபாணி அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் இருமித் தீர்த்தான்.

"கோவிச்சிக்காத யக்கா. போலீசு கீலீசுன்னு வந்துக்கினு இருந்தா தறி நின்னு பூடும்" என்றான். பிறகு அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். "உனக்கு எப்டியும் அது உள்ள எறங்காது. எனக்குக் குடேன்."

அவன் சொன்னதும் சரிதான். கொடுத்துவிட்டாள்.